தக்காளி எடுத்த பையில் யார் குடியிருக்கிறார்கள்?

மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பையில் ஒரு தடவை தக்காளி எடுத்தபின் அதே பையிலேயே மறுபடியும் தக்காளி வைக்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பெங்களூரில் மொட்டைமாடித் தோட்டம் போடும் நம்மவர்கள் மழை ஆரம்பிப்பதற்கு முன்னால் வருஷா வருஷம் இதைக் கேட்கிறார்கள். கேட்ட கையோடு அடுத்த கேள்வியும் வரும்: “அப்போ பழைய மண்ணைக் கொட்டிட்டு புதுசு வாங்கிடட்டுமா?” அதற்கும் வேண்டாம் என்பதுதான் பதில். இந்த இரண்டு வேண்டாம்களுக்கும் காரணம் ஒன்றே, அது கொஞ்சம் நீளமானது, போகிற போக்கில் சொல்லி முடிக்க முடியாது. அதனால்தான் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப வைத்தால் சத்து தீர்ந்துபோகும் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த விளக்கம். பொய் இல்லை, ஆனால் அது காரணத்தில் ஒரு பகுதிதான். சத்து மட்டுமே பிரச்சினை என்றால் எரு போட்டதும் சரியாகிவிட வேண்டுமே? பெரும்பாலும் ஆவதில்லை. 1990களிலிருந்து இதைப் பலர் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், முறையும் எளிமையானது. ஒரு செடி வளர்ந்த மண்ணில் அதே இனத்தையும் வேறு இனங்களையும் வளர்க்கிறார்கள், பக்கத்திலேயே அதே மண்ணைச் சூடாக்கி உயிர்களை எல்லாம் கொன்றுவிட்டு அதிலும் வளர்க்கிறார்கள். உயிருள்ள மண்ணில் பல செடிகள் தங்கள் சொந்த மண்ணைவிட அடுத்த இனத்தின் மண்ணில் நன்றாக வளர்கின்றன, உயிர்களைக் கொன்ற மண்ணில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் காணாமல் போகிறது. செடி தன்னைச் சுற்றிச் சேர்த்துவைத்த கூட்டம்தான் அடுத்த செடியின் தலையெழுத்தை எழுதுகிறது என்று இதற்கு அர்த்தம். அந்தக் கூட்டத்தில் நண்பர்களும் உண்டு, எதிரிகளும் உண்டு.

எதிரியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் நோஞ்சானாக நிற்கும் தக்காளிச் செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ராமமூர்த்தி நகரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் கூப்பிட்டார். “எருவும் போட்டேன், மண்புழு உரமும் போட்டேன்மா, மத்தியானம் ஆனா செடி துவண்டு போகுது, சாயங்காலம் பார்த்தா தெளிஞ்சு நிக்குது, தண்ணி ஊத்தியும் இதே கதைதான்.” செடியைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் மெல்ல அலசினோம். மெல்லிய வேரில் பொரிகடலையைக் கோத்துவிட்ட மாதிரி வரிசையாக வீக்கம். வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை அது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் புழு வேருக்குள் புகுந்து, அங்கே உள்ள சில செல்களை வீங்க வைத்து, அவற்றிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மேலே ஏறும் வழி அடைபடுவதால்தான் உச்சி வெயிலில் செடி துவள்கிறது.

அக்கா உடனே அடுத்த பையில் இருந்த அவரையைக் காட்டி, “அதுலயும் இப்படித்தான் இருக்கு, அதையும் பிடுங்கிடட்டுமா?” என்று கேட்டார். நல்லவேளை, கேட்டார். அவரை வேரில் இருந்தவை வேறு முடிச்சுகள். பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது, தோட்டம் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நூற்புழுவின் முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், தனியாகப் பிய்த்தெடுக்க வராது. அவரையின் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தின் சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது, லெக்ஹீமோகுளோபின் என்று பெயர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கும் ரைசோபியம் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கூடினாலும் ஆகாது, இல்லாவிட்டாலும் ஆகாது, அந்த அளவைக் கவனமாகக் காப்பது இந்தச் சிவப்புதான். முடிச்சு உள்ளே பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

அந்த முடிச்சு உருவாகும் விதம் எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. தழைச்சத்து குறைந்த செடி முதலில் வேர் வழியாகச் சில சேர்மங்களைக் கசிய விடுகிறது. அதைக் கண்டுகொண்ட பாக்டீரியா தன் பங்குக்கு வேறொரு வேதிப்பொருளை அனுப்புகிறது. அது சரியான ஆள்தான் என்று தெரிந்ததும் வேர்த்தூவி வளைந்து சுருண்டு அதை உள்ளே விடுகிறது. எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறுக்கும் ஒத்துவராது. அவரை, தட்டைப்பயறு, துவரை, நிலக்கடலை எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும், பட்டாணிக்கும் கொண்டைக்கடலைக்கும் வேறு வேறு ஆட்கள் வேண்டும். அதனால்தான் அவரை நன்றாக வந்த பையிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துத் தட்டைப்பயறு போடும் புதுப் பையில் கலந்துவிடு என்று சொல்கிறேன். ஜீவாமிர்தம் தயாரிக்கும்போது சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவோடு வரப்பு மண்ணும் ஒரு கைப்பிடி போடச் சொல்கிறார்களே, அந்தக் கைப்பிடியை யாரும் சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

இந்த உறவில் கணக்கும் உண்டு, கறாரும் உண்டு. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு ஏகப்பட்ட ஆற்றல் செலவாகும், அதற்கான சர்க்கரை முழுவதையும் செடிதான் கொடுக்கிறது. வாங்கித் தின்றுவிட்டு வேலை செய்யாத பாக்டீரியாவை என்ன செய்யும்? டோபி கியர்ஸ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2003இல் சோயாவில் இதைச் சோதித்தார்கள். வேரைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதில் ஆர்கானை நிரப்பி, பாக்டீரியாவால் வேலையே செய்ய முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். சோயா அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது, அங்கிருந்த பாக்டீரியா குறைவாகவே பெருகியது. அதே மாதிரி, நாம் யூரியாவை அள்ளிப் போட்டால் செடிக்கு இந்தச் செலவே தேவையில்லை, முடிச்சு விடுவதையே குறைத்துக்கொள்ளும். பயறுச் செடி பச்சைப்பசேலென்று நிற்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், அந்தப் பையில் அடுத்த பயிருக்கு அது விட்டுப்போவது ஒன்றும் இருக்காது.

சரி, இப்போது பூஞ்சைக்கு வருகிறேன், எனக்கு ரொம்பவும் பிடித்த பகுதி இதுதான். ஜெர்மனியில் ஆல்பெர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரை டிரஃபிள் என்ற விலை உயர்ந்த நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி கண்டுபிடிக்கச் சொன்னார்கள். டிரஃபிள் வளர்ப்பது கைகூடவில்லை, ஆனால் மர வேர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்ததில் வேரும் பூஞ்சையும் சேர்ந்தே ஓர் உறுப்பாக இருக்கின்றன என்று அவர் கண்டார், 1885இல் அதற்கு மைக்கோரைசா என்று பெயரும் வைத்தார். நம் ஊரில் அதில் ஒரு வகையைத்தான் வேம் (VAM) என்று பொட்டலத்தில் விற்கிறார்கள். செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் 20 சதவீதம் வரைகூட இந்தப் பூஞ்சைக்குக் கொடுக்கும் என்கிறார்கள். பதிலுக்குப் பூஞ்சை, வேர்த்தூவியால் நுழைய முடியாத இடுக்குகளில் எல்லாம் தன் இழையை விட்டு மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கொண்டுவந்து தருகிறது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற இடத்தில் 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகள் கல்லாகிக் கிடக்கின்றன. அவற்றுக்கு நிஜமான வேர்கூடக் கிடையாது, ஆனால் உள்ளே இந்தப் பூஞ்சை இருந்திருக்கிறது. வேர் வருவதற்கு முன்பே கூட்டாளி வந்துவிட்டான்!

பெங்களூர் மண்ணுக்கு இது கூடுதல் முக்கியம். லால்பாகில் ஒரு பெரிய பாறை மேடு இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை குழந்தைகள் ஏறி விளையாடும் பாறை, அதன் வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டு. அந்த மாதிரிப் பாறைகள் காலங்காலமாகச் சிதைந்து உண்டானதுதான் நம் செம்மண். சிவப்புக்குக் காரணமான இரும்பு மணிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். மண்ணைப் பரிசோதித்தால் மொத்தக் கணக்கில் மணிச்சத்து இருக்கும், செடியின் கைக்கு எட்டாது. எட்ட வைப்பதில் பெரிய பங்கு பூஞ்சைக்கும், அமிலம் சுரந்து கரைத்துத் தரும் பாக்டீரியாவுக்கும்தான். இங்கே நாம் என்ன செய்கிறோம்? மணிச்சத்து நிறைந்த டிஏபி உரத்தைக் கொட்டுகிறோம். மணிச்சத்து சும்மா கிடைக்கும்போது செடி பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது, பூஞ்சை மெலிகிறது, அடுத்த வருஷம் டிஏபி இல்லாமல் செடி நிற்க மாட்டேன் என்கிறது. மருந்துக்கு அடிமையாவது செடி மட்டும் இல்லை, பை முழுக்க.

அக்காவின் மாமியார் கிருஷ்ணகிரிப் பக்கம். மகன் வீட்டில் தங்க வந்திருந்தபோது இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “எங்க காட்டுல கேவுருக்குள்ள அவரையும் துவரையும் போடாம விதைச்சதே கிடையாது கண்ணு. மழை ஏச்சுப்புட்டா கேவுரு போனாலும் துவரை நிக்கும்ல” என்றார். கர்நாடகத்தில் இதை அக்கடி சாலு என்கிறார்கள், ஓசூர் தாண்டினால் இரண்டு பக்கமும் இன்றும் பார்க்கலாம். ஒன்று போனாலும் இன்னொன்று மிஞ்சும் என்பதற்கு மேல் மண்ணுக்கு அடியிலும் விஷயம் இருக்கிறது என்பது சமீபத்தில்தான் விஞ்ஞானிகளுக்குப் பிடிபட்டது. துவரை வேர் ஆழம் போகும், கேழ்வரகு வேர் மேலாகவே நிற்கும். மேல்மண் காய்ந்துபோனபின் துவரை ஆழத்து ஈரத்தை இரவில் மேலே இழுத்துக் கொஞ்சம் கசிய விடுகிறது. இரண்டு வேர்களையும் இணைக்கும் பூஞ்சை இழை இருந்தால் அந்த ஈரம் கேழ்வரகுக்குக் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது என்று 2019இல் வெளியான தொட்டிச் சோதனை ஒன்று காட்டியது. பெங்களூரின் வேளாண் பல்கலைக்கழகமான ஜிகேவிகே வளாகத்திலும் நம் கொல்லிமலையிலும் வயலிலேயே கேழ்வரகு, துவரையோடு வேர்ப்பூஞ்சையையும் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், உரத்தைக் குறைத்தும் விளைச்சலைக் கூட்ட முடிந்தது. கொல்லிமலையும் ஜிகேவிகேயும் ஒரே ஆய்வில் வந்ததைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஆனால் துவரையை எவ்வளவு நெருக்கத்தில், எந்த அமைப்பில் நடுகிறோம் என்பதும் முக்கியம், ரொம்ப நெருங்கினால் துணையே போட்டியாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு, மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறது என்று பரவும் கதைகள் வரைக்கும் போய்விட வேண்டாம் என்றும் சொல்லிக்கொள்கிறேன். கனடாவில் சூசன் சிமார்ட் 1997இல் மரங்களுக்கிடையே கார்பன் பரிமாறப்படுவதைக் காட்டியது நல்ல ஆய்வு. அதன் மேல் கட்டப்பட்ட கதைகளில் பலவற்றுக்குக் காட்டில் போதுமான ஆதாரம் இல்லை என்று 2023இல் அதே துறையைச் சேர்ந்த மூன்று விஞ்ஞானிகள் விரிவாக எழுதினார்கள். மண்ணுக்கு அடியில் நடப்பது அன்பு மட்டுமில்லை. செடி மணிச்சத்துப் பசியில் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளைக் கசிய விட்டுப் பூஞ்சையைக் கூப்பிடுகிறது. அந்தக் கூப்பாட்டை ஒட்டுக்கேட்டு முளைக்கும் களை ஒன்று இருக்கிறது, சோளக்காட்டிலும் கரும்பிலும் வரும் சுடுமல்லி. நட்புக்கு விட்ட அழைப்பைக் கேட்டு வந்து வேரிலேயே ஒட்டி உறிஞ்சும்.

பெங்களூரில் காலி மனைகளை எல்லாம் பிடித்து நிற்கும் பார்த்தீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேரிலிருந்தும் உதிர்ந்த இலையிலிருந்தும் இறங்கும் பொருள்கள் பக்கத்துச் செடிகளின் முளைப்பைக் கெடுக்கும், பயறுகளில் முடிச்சு விழுவதையும் குறைக்கும். அதைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984இல் இந்தியாவில் அவிழ்த்துவிட்டதும் பெங்களூரில்தான். வண்டு இருந்தும் பார்த்தீனியம் ஓய்ந்தபாடில்லை. வந்தேறிச் செடிகள் ஏன் இப்படிப் பரவுகின்றன என்பதற்குக் கனடாவில் ஜான் கிளிரோனோமாஸ் 2002இல் ஒரு நல்ல விடை தந்தார்: அரிதாக இருக்கும் உள்ளூர்ச் செடிகள் தங்கள் மண்ணில் நோய்க்கிருமிகளைச் சீக்கிரம் சேர்த்துவிடுகின்றன, பரவும் வந்தேறிகள் அப்படிச் சேர்ப்பதில்லை. பனாமாவில் பாரோ கொலராடோ தீவின் மழைக்காட்டு மரங்களிலும் 2010இல் அதே மாதிரிப் போக்குதான் தெரிந்தது. தன் மண்ணில் தன் கன்றுக்கே அதிகம் பகை சேர்க்கும் மரம் எதுவோ அது காட்டில் அரிது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாய்மரத்தின் காலடியில் அதன் கன்று பிழைக்கச் சிரமப்படுவதால்தான் அங்கே வேறொரு மரத்துக்கு இடம் கிடைக்கிறது, ஒரே காட்டில் இத்தனை விதமான மரங்கள் சேர்ந்து வாழ முடிகிறது. தக்காளிப் பையில் நம்மை வதைக்கும் அதே விதிதான் காட்டை இவ்வளவு செழிப்பாக வைத்திருக்கிறது என்று புரிந்தபோது எனக்குப் பல நாள் வேறு நினைப்பே இல்லை.

கோதுமை இதற்கு விலக்கு. ஒரே வயலில் கோதுமையையே தொடர்ந்து போட்டால் வேரழுகல் நோய் ஒன்று சில வருஷம் ஏறிக்கொண்டே போகும், அப்புறம் தானாகவே இறங்கிவிடும். நோய்ப் பூஞ்சையைக் கொல்லும் பொருள் சுரக்கிற சூடோமோனாஸ் பாக்டீரியா அந்த வேர்களில் பெருகுவதுதான் காரணம். நாம் கடையில் வாங்கும் சூடோமோனாஸ் பொடியும் அதே குடும்பம். ஆனால் அங்கே செடியே அழைத்து, ஊட்டி, பல வருஷம் வளர்த்த கூட்டம் அது. வெறும் தென்னை நார்க் கழிவு நிரப்பிய பையில், தின்ன ஒன்றும் இல்லாத இடத்தில், பொடியைத் தூவினால் எத்தனை நாள் பிழைக்கும்? பொட்டலமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தேதி பார்த்து வாங்குங்கள், வெயிலில் வைத்து விற்பதை வாங்காதீர்கள், விதையோடோ நாற்றின் வேரோடோ படும்படி போடுங்கள், மக்கிய எரு கூட இருக்கட்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு குடும்பத்துக்கு வேம் வாங்கிப் போட்டால் காசு வீண்தான், அவை இந்தப் பூஞ்சையோடு சேர்வதே இல்லை. பாலக்கும் பீட்ரூட்டும் அப்படித்தான்.

என் மனசு உண்மையிலேயே கொதிக்கும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. எங்கள் தெருவில் புங்கையும் தூங்குமூஞ்சியும் இரண்டு பக்கமும் நிற்கின்றன. இரண்டுமே வேரில் முடிச்சு விட்டுத் தழைச்சத்து சேர்க்கும் மரங்கள், இலையிலேயே அந்தச் சத்து இருக்கிறது. புங்க இலையை வயலில் மிதித்து உரமாக்கியவர்கள் நம் தாத்தா பாட்டி. இங்கே காலையில் கூட்டிக் குவித்துத் தெருமுனையில் கொளுத்துகிறார்கள், மரத்தின் அடியை நடைபாதைக் கல்லால் தூர் வரைக்கும் மூடுகிறார்கள். மரம் மண்ணுக்குத் திருப்பித் தரும் சாப்பாடு முழுக்கப் புகையாகிறது, குழந்தைகள் இருமுகிறார்கள். கூட்டும் அம்மாவிடம் போய், “அக்கா, அந்த இலையை எனக்குக் கொடுத்துடுங்க, கோணிப்பை நான் தரேன்” என்று கேட்டேன். “எடுத்துக்கோம்மா, எனக்கும் சுமை குறைஞ்சுது” என்றார். இப்போது எங்கள் வரிசையில் இன்னும் சில வீடுகள் அவரிடம் கோணி கொடுத்திருக்கின்றன. மாடியில் நிழலான மூலையில் கம்பி வலைக்குள் கொட்டி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் சில மாதத்தில் கருத்த இலைமக்கு கிடைக்கிறது.

கடைசியாக அந்தப் பழைய பைக்கு வருவோம். நூற்புழு வந்த மண்ணை ஏப்ரல், மே வெயிலில் நன்றாக நனைத்து, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். புழு வெகுவாகக் குறையும், நல்லதும் கொஞ்சம் சாகும், அதனால் திறந்ததும் இலைமக்கைக் கலந்துவிடுங்கள். அப்புறம் செண்டுமல்லி. அதன் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருக்கிறது. ஆனால் தக்காளிக்கு ஓரத்தில் ஒற்றைச் செண்டுமல்லி வைத்தால் போதும் என்று சொல்கிறார்களே, அது போதாது, பை நிறைய நெருக்கமாக வைத்து இரண்டு மூன்று மாதம் வளர விட வேண்டும். பூவை ஆயுத பூஜைக்குப் பறித்துக்கொள்ளலாம். ஆடியிலேயே செண்டுமல்லி நட்டால் பூ முடிந்ததும் பயறு ஏதாவது, அதை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுத்துவிட்டுக் கீரை, கீரைக்கு அப்புறம் முள்ளங்கி. தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்றுக்குப் பின் இன்னொன்று வேண்டாம். அக்கா வீட்டு நூற்புழுப் பையில் இப்போது செண்டுமல்லிதான் நிற்கிறது. நெருக்கமாகத்தான் வைத்திருக்கிறார்.